பழைய காரும் பேர தர்மமும்

உங்கள் வீட்டில் யாருக்காவது பழைய கார்ப் பித்து உண்டா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. ஆனாலும் இதைப் படித்து வையுங்கள். இந்தப் பித்து யாரை, எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நேற்று வரையில் ஒழுங்காக ஆபீஸுக்குப் போய் வந்து, சனிக்கிழமைதோறும் கறிகாய் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்த மனுஷர், திடீரென்று ஒரு நாள் முப்பது வருஷமாக ஓடாத கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார். "அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது!" என்பார். கார் கிடைத்தது வாஸ்தவத்தில் அடிமாட்டு விலைக்குத்தான். அதற்கு அப்புறம் வாங்க வேண்டிய சாமான்கள் இருக்கின்றனவே, அவைதான் யானை விலை, குதிரை விலை!

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ஆம் ஆண்டிலிருந்து 1971 வரையில் நம் சென்னையிலேயே தயாரான கார். மிச்செலோட்டி என்ற இத்தாலியக் கலைஞர் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுக்காக வரைந்து கொடுத்த உருவம். முன்பக்கம் முழுவதும், விளக்கும் மட்கார்டும் உள்பட, முதலை வாயைப் போல் அப்படியே திறந்துகொள்ளும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ரிக்ஷாக்காரரே அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! இத்தனை பெருமைகளும் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை.

காரைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. பேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேரம் பேசுவதில் நம்மை மிஞ்சியவர்கள் யார்? கத்தரிக்காய்க் கூடையை இறக்கச் சொல்லி, அரை மணி பேசி, கடைசியில் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்காமல் அனுப்பியிருக்கிறோமா? ஆகவே, கார் சாமான் பேரம் என்றதும், "இதில் என்ன பிரமாதம்?" என்று நினைத்துத்தான் நானும் புதுப்பேட்டைக்குக் கூடப் போனேன்.

புதுப்பேட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி இருக்கிறது. கடை வாசலில் கதவுகள் தோரணம் கட்டினாற்போல் தொங்கும். எஞ்சின்கள் அம்மிக்கல்லைப் போல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எண்ணெயும் துருவுமாக ஒரு வாசனை. அங்கே போய் நின்றதும் எனக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. கத்தரிக்காய் பேரம் இங்கே செல்லாது. கத்தரிக்காய்க்கு அடுத்த கூடை உண்டு. இன்றைய சந்தை விலை என்று ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாஸடருக்காவது ஏராளமான சாமான்கள் இன்னும் புழங்குகின்றன. 1971-லேயே நின்றுபோன ஹெரால்டின் சாமானுக்கு விலைப் பட்டியல் ஏது? கடைக்காரர் கையில் இருக்கிற அந்த ஒன்று, அதே ஒன்றுதான். அது எத்தனை தேய்ந்தது, எத்தனை பேர் கை பட்டது, எதற்காகக் கழற்றப்பட்டது என்பதெல்லாம் வெளிப் பார்வைக்குத் தெரியாது.

அப்படியானால் நியாயமான விலை என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டுக்காரர் புறப்படுவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்வார். மளிகைக் கணக்கைவிட எளிது. முதலில், அந்தச் சாமான் நல்ல நிலையில், உடனே மாட்டிக்கொள்ளும்படி இருந்தால் என்ன கொடுக்கலாம்? அடுத்து, இப்போது இருக்கிற நிலையிலிருந்து அந்த நிலைக்குக் கொண்டுவர என்ன செலவு பிடிக்கும்? மூன்றாவதாக, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்த பிறகு உள்ளே வேறு கோளாறு கிளம்பினால் அதற்கு என்ன ஒதுக்குவது? முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வருவதுதான் அவர் கொடுக்கக்கூடிய விலை.

அன்று அவர் தேடிப் போனது ஒரு ஸோலெக்ஸ் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கருவி. காருக்கு அதுதான் பாலாடை. கடைக்காரர் வயதானவர். விலை கேட்டதும், "ஆறாயிரம் ஸார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் அவசரப்படவில்லை. கார்புரேட்டரை வாங்கி, அதன் குறுக்கே ஓடுகிற சின்னத் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"பாய், இதைக் கொஞ்சம் நீங்களே அசைத்துப் பாருங்கள்."

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அசைத்தார். "ஆமாம், ஆடுது."

"தண்டு தேய்ந்தால் அந்த இடுக்கு வழியே காற்றை இழுக்கும், வண்டி நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடாது. லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும். உள்ளே வாஷர், டயாபரம் எல்லாம் புதிதாக மாற்ற வேண்டும். எல்லாமாக இரண்டாயிரம் ஆகும். சுத்தமான கார்புரேட்டருக்கு ஏழாயிரம் கூடக் கொடுப்பேன். இதற்கு நாலாயிரத்து ஐந்நூறு."

"ஹெரால்டு சாமான் இப்ப எங்கே ஸார் கிடைக்குது? ஐயாயிரம் குடுங்க."

"நடுவில் வைத்துக்கொள்ளலாம்."

நாலாயிரத்து எழுநூறில் முடிந்தது. அதோடு, கடைக்காரர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, அந்தக் கார்புரேட்டரோடு சேர வேண்டிய ஒரு சின்னக் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது இல்லாம மாட்ட முடியாது ஸார்" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. கறிவேப்பிலைக் கொசுறு புதுப்பேட்டையிலும் உண்டு!

என் இரண்டாயிரம் ரூபாய்ப் பேரத்தை நான் அங்கே அவிழ்த்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் "வேற கடை பாருங்கம்மா" என்றிருப்பார். அந்தத் தகர டப்பாவும் திறந்திருக்காது. குறைக்கச் சொல்லும்போது காரணத்தையும் கையில் கொடுத்துவிட்டால், எதிராளிக்குக் குறைப்பதில் அவமானம் இல்லை. "என்ன ஐயா, குப்பையை வைத்துக்கொண்டு விலை சொல்கிறீர்!" என்று பழித்துவிட்டு, அதே குப்பையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன கௌரவம் இருக்கிறது?

இந்தப் பழைய கார்க்காரர்களின் உலகம் மிகச் சின்னது. இன்று உங்களுக்கு விற்கிறவர், அடுத்த மாசம் உங்களிடம் வாங்க வருவார். அதனால் அவர்களுக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

வாய்ச்சொல்லே முன்பணம். "சரி, எடுத்துக்கொள்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் வேறொருவர் ஐந்நூறு கூடக் கொடுக்கிறார் என்று விற்பவர் மாறக் கூடாது. வாங்குகிறவரும், நாற்பது மைல் வந்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று பர்ஸைத் திறந்து காட்டக் கூடாது. சொன்னதற்கு மாறாகச் சாமான் இருந்தால் மட்டும் மறுபடி பேசலாம். அல்லது, காப்பி சாப்பிட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பலாம்.

ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பின் சக்கரங்களைச் சுழற்றுகிற கிரவுன் என்ற பெரிய பல் சக்கரமும், பினியன் என்ற சின்னப் பல் சக்கரமும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த தம்பதிகள். ஒன்றை இங்கும் மற்றொன்றை அங்கும் விற்றால் இரண்டும் ஊளையிடும். இரண்டும் வீண். பணம் கூட வருகிறதே என்று பிரித்து விற்பவரிடம் யாரும் மறுபடி போவதில்லை.

அளவைச் சொல்லி விற்க வேண்டும். கிராங்க் ஷாப்ட் தேய்ந்தால், அதைக் கடைந்து கொஞ்சம் மெலிதாக்கி, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது, முப்பது என்று படிப்படியாகக் கடைவது வழக்கம். ஏற்கெனவே பல தடவை கடைந்ததற்கு ஆயுசு குறைவு. இதை விற்பவர் வாயால் சொன்னால் அழகு. சொல்லாவிட்டால், வாங்குபவர் மைக்ராமீட்டர் வைத்துப் பார்க்கிற உரிமையைக் கேட்க வேண்டும். "அளந்து பார்க்கலாமா?" என்றால் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்காமலிருப்பதே உத்தமம்.

இனி, எந்த விலைக்கும் வாங்கக் கூடாத பழைய சாமான்களும் உண்டு. பிரேக்கின் ரப்பர்க் குழாய்கள், வாஷர்கள், வயதான டயர்கள். "பார்க்கப் புதுசாட்டம் இருக்கிறது, பாதி விலை" என்று இவற்றைக் கொண்டுவந்தால், சகோதரிகளே, தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். ரப்பர் சும்மா கிடந்தாலே கெட்டுப் போகிற வஸ்து. அந்தக் காரில் உட்காரப் போவது நாமும் குழந்தைகளுந்தானே?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாக, "வாங்குகிறவனே, நீயே பார்த்து வாங்கிக்கொள்" என்ற கட்சிதான். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அது கண்டிப்பு. விற்கிறவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும். திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு வாங்கினவரையும் பிடிக்கும். ஆகவே ரசீது கேளுங்கள். எஞ்சினாக இருந்தால் நம்பர் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்ப முடியாத மலிவாக ஒன்று வந்தால், "ஆகா!" என்று குதிப்பதற்கு முன்னால், "எப்படி?" என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

வாங்குவதற்குச் சொன்னதெல்லாம் விற்பதற்கும் பொருந்தும். எங்களிடம் உபரியாக ஒரு ஸிலிண்டர் ஹெட் இருந்தது. வெளியூரிலிருந்து ஒரு காலேஜ் மாணவர் அதைக் கேட்டு வந்தார். மண்ணெண்ணெயில் கழுவி வைத்தபோது வால்வு உட்காரும் இடத்தருகே தலைமயிர் போல ஒரு விரிசல் தெரிந்திருந்தது. பிள்ளையாண்டானுக்கு அது கண்ணில் பட்டிருக்காது. எங்கள் வீட்டுக்காரர் சாக்கட்டியால் அந்த இடத்தை வட்டமிட்டு வைத்தே அதை வெளியே கொண்டுவந்தார். பையனுடைய முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, "மேலே இருக்கிற ராக்கர் சாமான்கள் மட்டும் எனக்கு உபயோகப்படும், ஸார்" என்றான். அவற்றுக்கு மட்டும் விலை பேசிக் கொடுத்தார். எங்களுக்கு நஷ்டந்தான். ஆனால் அந்தப் பையன்தான் பிறகு எங்கோ ஒரு கிராமத்தில் ஹெரால்டின் பின் விளக்குக் கண்ணாடி இருப்பதாகத் தேடிப் பிடித்துத் தகவல் சொன்னான்.

இதெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் விஷயம் தெரிந்தவர்களின் பேரம். ஒரு பக்கத்துக்கு ஒன்றுமே தெரியாமலிருந்தால்? அங்கேதான் தர்மசங்கடம்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். அவர் கணவரும் ஒரு காலத்தில் ஹெரால்டு வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு காரை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். கொல்லைக் கொட்டகையில் சாமான்கள் மட்டும் அப்படியே கிடந்தன. மாமி ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பழைய இரும்புக்காரன் வந்து பார்த்தாம்ப்பா. எடை போட்டு எல்லாத்துக்குமா மூவாயிரத்து ஐந்நூறு தரேங்கறான். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, என்ன செய்யலாம், சொல்லு. நீயே வேணுமானாலும் அந்த விலைக்கு எடுத்துக்கோ. உங்க மாமா சாமான், தெரிஞ்ச மனுஷா கிட்டே போனா எனக்கும் திருப்தி."

எங்கள் வீட்டுக்காரர் கொட்டகையைப் பார்த்தார். பார்த்தவர் பேசவில்லை. ஒரு கியர் பெட்டி, ஸ்டியரிங் சாமான்கள், குரோமியம் மங்காத இரண்டு சக்கர மூடிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடியே, உபயோகிக்காத கிரவுன், பினியன் ஜோடி ஒன்று! இரண்டு வருஷமாக அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும் வாங்கிவிடுவேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிவிட்டது.

"மாமி அவர்களாகவே சொன்ன விலைதானே? நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே" என்றார் அவர். "பத்து வருஷமாகப் படித்து, அலைந்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்றதற்கு ஒரு விலை இல்லையா? கடைக்காரர்கள் அந்த அறிவை வைத்துத்தானே பிழைக்கிறார்கள்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் விலையை அறியாமல் குறைத்துச் சொன்னால், கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவருக்கு அது தொழில். இன்று ஒன்றில் விட்டதை நாளை வேறொன்றில் பிடிப்பார். எனக்கும் வீட்டுச் செலவுக் கணக்கு தெரியாததல்ல. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்றால் கசக்குமா?

ஆனால் மாமி முதலில் சொன்ன வார்த்தை என்ன? "என்ன செய்யலாம், சொல்லு" என்றார். அப்புறந்தான், "நீயே எடுத்துக்கோ" என்றார். யோசனை கேட்டு வந்தவருக்கு, யோசனை சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, அதே கையால் சாமானையும் எடுத்துக்கொள்ளலாமா? ஒன்று, யோசனை சொல்லலாம். அல்லது, "நான் வாங்குகிறவன், என்னிடம் யோசனை கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பேரம் பேசலாம். இதை நான் சொன்னதும் அவர் பதில் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, சாமான்களைத் துடைத்து அடுக்கினோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, எதிரே இரண்டு விலை போட்டார். கடைக்காரர் கொடுக்கக்கூடியது ஒன்று. காரை நேசிக்கிறவர் கொடுக்கக்கூடியது மற்றொன்று. எழுதி முடித்துவிட்டு, "மாமி, இதில் இரண்டு சாமான் எனக்கே வேண்டும். ஆகையால் என் விலையை மட்டும் நம்பாதீர்கள்" என்று, விஷயம் தெரிந்த இரண்டு பேருடைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து மாமியே வந்தார். மோட்டார் சாமான் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தோமே, அந்த மாமி!

"அந்தப் பல் சக்கர ஜோடிக்கு நீ பத்தாயிரம்னு எழுதியிருக்கே. இன்னொருத்தர் பதினோராயிரம் தரேங்கறார். உண்மையைச் சொன்னவன் நீதான். அதனாலே உனக்கே தரேன். ஆனா பதினொண்ணுக்குக் குறையாது. அப்புறம், யாரும் எடுக்காத மீதி இரும்பையெல்லாம் நீயே வந்து அப்புறப்படுத்திக் கொடுத்துடணும்."

எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் பதினோராயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த மாசம் எனக்கு வருவதாக இருந்த பட்டுப் புடவை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகை காலியானபோது மாமிக்கு மொத்தம் இருபத்தெட்டாயிரம் வந்திருந்தது. அதில் கொல்லைப் பக்கக் கூரையைச் செப்பனிட்டுக்கொண்டார்.

இதைப் படிக்கிற எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு கொட்டகையோ, பரணோ, பூட்டிய பெட்டியோ இருக்கக்கூடும். தகப்பனாருடையது, மாமனாருடையது, இனி கேட்க முடியாத ஒருவருடையது. எடைக்குப் போடுவதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதுங்கள். எழுத்துப் பொறித்த இடங்களையும் நம்பர்களையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தெரிந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருப்பதை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். பளபளவென்று தேய்த்து வைக்கிறேன் என்று புளி போட்டும் துலக்கிவிடாதீர்கள்!

அசல் சாமானுக்கு இப்போது இன்னொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேலாகி, அசல் வடிவத்திலேயே பேணப்பட்டு, சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்கு, 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவு எண் வாங்கலாம். ஹெரால்டு கார்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. கண்ட சாமானை மாட்டி ஓட்டுவதைவிட, அசலைத் தேடி அலைகிறவர்கள் பெருகியதில் ஆச்சரியம் இல்லை.

எங்கள் வீட்டு ஹெரால்டு இப்போது ஓடுகிறது. மாமியைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு கபாலீசுவரர் கோவிலுக்குப் போய் வந்தோம். முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, காது கொடுத்துக் கேட்டவாறே வந்த மாமி, கோவில் வாசலில் இறங்கும்போது சொன்னார்: "பின்னாலே சத்தமே இல்லையே. பதினோராயிரம் அதிகமில்லே, போ!"